முத்துக்குக் கழுத்துக் கொடுத்தவள்

ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்பளமும் கிடக்க, நடுவில் வெயில் ஒரு நாளும் லீவு போடாத தூத்துக்குடியில், மாதா கோயிலுக்குப் பின்னால், எதையும் ஒளித்துவைக்க முடியாத ஒரு சந்தில், எமரன்சியா என்று முத்துக் கோக்கிறவள் ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது, ஆனால் அவள் அதைப் போடுவதில்லை. மழை சாய்த்து அடித்தாலும் சரி, திருடன் வந்துவிட்டான் என்று தெருவே கம்பும் டார்ச்சுமாக அலைந்தாலும் சரி, கதவை ஒருக்களித்து வைப்பாள், அவ்வளவுதான். ஏனென்றால் அவள் புருஷன் கஸ்பார், மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிப் போகிற தோணியில் வேலைக்குக் கிளம்பிய அன்றைக்கு, சந்து முனை வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பிப் பார்த்து, "ஏளா எமரி, கதவைத் தாழ் போட்டுராத, வந்துருவேன்" என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுப் போனான். தோணி போனது. போன தோணி வரவில்லை.

கூடப் போனவர்களின் வீடுகளில் அழுது முடித்தார்கள், கோயிலில் பூசை வைத்தார்கள், கல்லறைத் தோட்டத்தில் வெறும் மண்ணுக்குச் சிலுவை நட்டார்கள். எமரன்சியாவிடமும் சாமியார் வந்து, "பூசை வச்சிருவோமாம்மா?" என்று கேட்டார். "தோணிதான சாமி வரல? மனுசன் வரமாட்டாருன்னு யாரு சொன்னா?" என்றாள் அவள். அவள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுச் சாமியார் போனார்.

அவள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. முத்தைத் தரம் பிரிக்க டியூப் லைட்டு ஆகாது. அந்த வெளிச்சத்தில் எல்லா முத்தும் நல்ல பிள்ளைதான். வடக்குப் பார்த்த ஜன்னலில் காலை வெளிச்சம் வர வேண்டும், மடியில் சாம்பல் நிறத் துணி விரிக்க வேண்டும், முத்துகளை அதில் கொட்டி, ரோஜா நிறம் ஓடுவதைத் தனியாகவும், பச்சை ஓடுவதைத் தனியாகவும், பால்நிறத்தைத் தனியாகவும் ஒதுக்கி, தட்டில் உருட்டிவிட்டு, நேராக ஓடுவது எது, நொண்டுவது எது என்று பார்க்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் வருகிற இரண்டு முத்துக்கும் ஒத்துப்போகுமா என்று பார்ப்பதற்குள், இரண்டு குடும்பத்துக்குச் சம்பந்தம் பேசி முடித்துவிடலாம். அப்புறம் பட்டு நூலில் கோக்க வேண்டும், ஒவ்வொரு முத்துக்கும் நடுவே ஒரு முடிச்சு. முடிச்சு இருந்தால் முத்தும் முத்தும் உரசாது. என்றைக்காவது நூல் அறுந்தாலும், மொத்தமும் சிதறாமல் ஒரே ஒரு முத்துதான் போகும். மாலையை வாங்கிப் போகிறவளிடம், "மூஞ்சிக்குப் பவுடரு, தலைக்கு எண்ணெய், மேலுக்கு சென்ட், எல்லாம் ஆன பொறவுதான் இத போடணும், வீட்டுக்கு வந்ததும் முதல்ல இத கழத்தணும், ஈரத்துணியால ஒத்தித் தொடச்சி படுக்கப் போட்டு வைக்கணும், ஆணியில தொங்கவிட்டா எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்று சொல்லி அனுப்புவாள்.

முத்து சாகும். தங்கத்தைப் பூட்டி வைத்தால் தங்கமாகவே இருக்கும், முத்தைப் பூட்டி வைத்தால் கண் மங்கி, சுண்ணாம்பு பூத்து, மெல்லச் செத்துப்போகும். பேங்கு லாக்கரில் போட்டுவிட்டு மாதா திருவிழாவுக்கு வெளியே எடுக்கிற வீடுகளில் எல்லாம் இதுதான் கதி. அப்படி மங்கிய மாலைகள் எமரன்சியாவிடம் வரும். அவள் அவற்றைத் துடைத்து, புது நூலில் கோத்து, தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, உடம்புச் சூடும் வேர்வையும் படப் பட, சோறு பொங்கி, துணி துவைத்து, நாள் கணக்காக அலைவாள். மெல்ல மெல்ல முத்துக்கு உயிர் வரும். இதற்குக் கழுத்துக் கொடுப்பது என்று பெயர். சந்தில் கேலி பேசுகிறவர்கள், "ஊர்ல பொம்பளைக தாலிக்கு ஒருக்காதான் கழுத்தை நீட்டுவாளுக, நம்ம எமரி வாரவ போறவளுக்கெல்லாம் நீட்டுதா" என்பார்கள். அவளும் சிரிப்பாள்.

முதலில் மாட்டியது ஜெனோவா, ஐஸ் பேக்டரி மிக்கேலின் பெண்டாட்டி. மாடி வீடு, கார், வேலைக்கு ஆள், எல்லாம் உண்டு. அவள் மாலைக்கு எமரன்சியா கழுத்துக் கொடுத்து, திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்னால் திருப்பிக் கொடுத்தாள். ஜெனோவா அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய் வந்தாள். வந்தவள் சோபாவில் உட்கார்ந்து தெருவையே காதால் துழாவிக்கொண்டிருந்தாள். வலது காலை லேசாக இழுத்து இழுத்து ஒரு செருப்புச் சத்தம் வர வேண்டும். வர வேண்டும், ஆனால் வரவில்லை. யாருடைய செருப்பு என்று அவளுக்குத் தெரியாது. அது வராததால் நெஞ்சு வலித்தது, அது மட்டும் தெரிந்தது.

அடுத்தது ஆசாரமான சைவப் பிள்ளை வீட்டு சிவகாமி அம்மாள். மீன்கூடை தெருவில் போனாலே ஜன்னலைச் சாத்துகிற வீடு அது. மாலையைப் போட்ட மறுநாள் அந்த அம்மாள் மீன் மார்க்கெட்டு வாசலில் நின்று, விளமீனையும் பக்கத்துக் கூடையில் இருந்த மாங்காயையும் மாறி மாறிப் பார்த்து, கண்ணில் நீர் வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. விளமீன் குழம்பில் மாங்காய் கீறிப் போட்டு, தேங்காய்ப்பால் கெட்டியாக விட்டு, யாருக்கோ ஊற்ற வேண்டும் அவளுக்கு. வீட்டில் அது நடக்குமா? அதனால் சாம்பாரில் மாங்காய் போட்டாள், ஒரு இலை அதிகமாக விரித்தாள், அந்த இலைக்கு முதலில் பரிமாறினாள். அதற்குப் பிறகு காயல்பட்டினத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த ரஹ்மத் நாச்சியா. அவளுக்கு வந்தது ஒரு சிரிப்பு. யாரோ ஒருத்தன் ஒரு வேடிக்கைக் கதை சொல்கிறான், தோணியில் சமையல்காரனும் ஒரு காக்காயும் என்று ஆரம்பிக்கிறான், பாதியிலேயே தானே விழுந்து விழுந்து சிரித்துவிடுகிறான், கதை முடிவதில்லை. "முடிவு என்னன்னு தெரியாம எனக்கு உறக்கமே இல்ல" என்று அவள் எமரன்சியாவின் வாசலில் வந்து உட்கார்ந்தபோது, ஏற்கெனவே ஜெனோவாவும் சிவகாமி அம்மாளும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

எமரன்சியா மூன்று பேர் சொன்னதையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "எங்க வீட்டுக்காரரு" என்றாள்.

இப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. தெரிந்ததும் ஊர் என்ன செய்தது என்கிறீர்கள்? முதலில் ஆம்பிளைகள் குதித்தார்கள். அடுத்தவன் பெண்டாட்டி தன் புருஷனுக்கு ஏங்குவது நியாயம், அவனுக்கு நம் பெண்டாட்டி எதற்கு ஏங்குகிறாள் என்று டீக்கடையில் பேச்சு நடந்தது. ஆனால் இல்லாத மனிதன்மேல் எப்படிச் சண்டை போடுவது? போய் நாலு அறை விடலாம் என்றால் ஆள் கடலில். மாலையைக் கழற்று என்றார்கள். கழற்றினாலும் ஏக்கம் போகவில்லை. சாமியாரிடம் போனார்கள், அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் முழுக்க எதிர்பாத்திருங்க, எதிர்பாத்திருங்கன்னு நான் தொண்டத்தண்ணி வத்தக் கத்துதேன், ஒருத்தரும் கேக்கல. இப்பவாச்சும் எதிர்பாக்காங்கள்ல, விடுங்க" என்று அனுப்பிவிட்டார்.

அப்புறம் பழகிப்போனது. தூத்துக்குடிக்குப் பழகாதது எது? பெண்கள் பேச்சின் நடுவே பெருமூச்சு விட்டால், "முத்தா?" என்று கேட்பார்கள், "ஆமா, முத்து" என்று பதில் வரும், பேச்சு தொடரும். ஐஸ் பேக்டரி மிக்கேல் ஒருநாள் வீட்டுக்கு வரும்போது, மாடிப்படியில் தன் வலது காலை லேசாக இழுத்து ஏறினார். ஜெனோவாவுக்கு அது பொய் நொண்டல் என்று தெரியும், ஆனாலும் ஓடிவந்து கதவைத் திறந்தாள், காபி போட்டாள், மனுஷனுக்கு அப்படி ஒரு வரவேற்பு கல்யாணமான நாளிலிருந்து கிடைத்ததில்லை. மறுநாளும் இழுத்தார். கொஞ்ச நாளில் அந்தப் பக்கத்துப் புருஷன்மார் பாதிப்பேர் நொண்டினார்கள். ஏங்க ஒன்றும் இல்லாத பெண்கள், வேளாவேளைக்குச் சோறும் சீரியலுமாக இருந்தவர்கள், அதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று, நன்றாக இருந்த மாலையையே லாக்கரில் போட்டு மங்கவைத்து எடுத்துக்கொண்டு எமரன்சியாவிடம் வந்தார்கள். அவளும் ஒருத்திக்கும் இல்லை என்று சொல்லவில்லை, வந்த மாலைக்கெல்லாம் கழுத்துக் கொடுத்தாள்.

ஏன் கொடுத்தாள் என்று கேட்டால், சுகமாக இருந்தது, அதுதான் காரணம். ஒவ்வொரு மாலையும் போகப் போக அவள் நெஞ்சில் ஒரு கைப்பிடி எடை குறைந்தது. சந்தில் செருப்புச் சத்தம் கேட்டால் முன்பெல்லாம் ஊசியைக் கீழே வைத்துவிடுவாள். இப்போது கை பாட்டுக்கு முடிச்சுப் போட்டது. படுத்தால் தூக்கம் வந்தது. பாரம் இறங்கினால் யாருக்குத்தான் கசக்கும்?

ஒருநாள் விளமீன் வாங்கினாள், குழம்பு வைத்தாள், வயிறாரச் சாப்பிட்டாள், தட்டைக் கழுவும்போதுதான், மாங்காய் போடவில்லை என்பது உறைத்தது. மாங்காய் எதற்குப் போட வேண்டும் என்பதும் உடனே நினைவுக்கு வரவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவின் முன்னால் போய் நின்றாள். கோட்டுப் போட்ட ஒரு பையன் நின்றான். நல்ல பையன்தான், யார் வீட்டுப் பிள்ளையோ. எமரன்சியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவனை நினைத்து அழலாம் என்று பார்த்தாள், அழுகை வரவில்லை. அழுகை வரவில்லையே என்றுதான் அன்றைக்கு அழுதாள். அவள் மாலைகளில் நூல் அறுந்தால் ஒரு முத்துதானே போகும். அவனும் அப்படியே, சத்தமில்லாமல், ஒவ்வொன்றாகப் போயிருந்தான்.

மறுநாள் ஜெனோவாவிடம் ஓடினாள். "ஒம்ம மாலைய கொஞ்ச நாள் குடும், நான் போட்டுக்கிட்டுத் தாரேன்" என்றாள். ஜெனோவா உடனே கழற்றிக் கொடுத்தாள். எமரன்சியா அதைப் போட்டுக்கொண்டு அலைந்தாள். செருப்புச் சத்தம் திரும்ப வந்தது, ஆனால் அது கஸ்பாரின் செருப்பாக வரவில்லை. பெரிய மாடி வீட்டில் பகலெல்லாம் தனியாக இருக்கிற ஒருத்தி, யாராவது வரமாட்டார்களா, யாராக இருந்தாலும் பரவாயில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிற சத்தமாக வந்தது. ஒருத்தியின் கழுத்துக்குப் போன ஏக்கம் அவளுடையதாகிவிடும் போலிருக்கிறது. "வேண்டாம் ஜெனோவா, இது ஒம்மதுதான்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அன்றோடு கழுத்துக் கொடுப்பதை நிறுத்தினாள். கோத்துத் தருவேன், துடைத்துத் தருவேன், போட்டுக்கொள்ள மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். ஏனென்றால் அவளிடம் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. முகம் போய்விட்டது, நடை போய்விட்டது, சிரிப்பு போய்விட்டது. சந்து முனையில் யாரோ திரும்பி நின்று, "ஏளா எமரி, கதவைத் தாழ் போட்டுராத, வந்துருவேன்" என்று சொன்ன அந்தக் குரல் மட்டும் இருந்தது. தினமும் பொழுது சாயும்போது கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, அந்தக் குரலை ஒருதரம் எடுத்துப் பார்த்து, மறுபடி உள்ளே வைத்துக்கொள்வாள். அது போனால் கஸ்பார் என்று ஒருவன் அவளுக்கு இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். அந்தப் பயத்தில் முத்துமாலை போட்ட பெண்கள் எதிரே வந்தால்கூட ஒதுங்கி நடந்தாள்.

அப்படி இருந்தவளிடம்தான் ஜெனோவாவின் மகள் டெல்பின் வந்தாள், கையில் கல்யாணத்துக்குப் போட வேண்டிய முத்துமாலையோடு. மாலை பார்க்க முடியாதபடி மங்கியிருந்தது. டெல்பினின் கண்ணும் அப்படித்தான் இருந்தது.

"மாமி, இதுக்குக் கழுத்துக் குடுப்பியளா?"

"அத விட்டுட்டேன்னு ஒங்கம்மைக்குத் தெரியுமேளா. புது நூல் போட்டுத் தாரேன், கொண்டு போ."

டெல்பின் போகவில்லை. கதவோரமாக நின்றாள். "அவரு நல்லவருதான் மாமி. துறைமுகத்துல வேலை. போன்ல நல்லாத்தான் பேசுதாரு. வச்சதும் எனக்கு ஒண்ணுமே இல்ல. சந்தோசமும் இல்ல, துக்கமும் இல்ல. அவரு வந்தாலும் சரி, வராட்டாலும் சரின்னு இருக்கு. அடுத்த மாசம் ஒரு மனுசனுக்குக் கழுத்தை நீட்டப் போறேன், ஒருத்தருக்காவக் காத்துக் கெடக்கதுன்னா என்னன்னே தெரியாம."

"காத்துக் கெடக்கது அப்படி ஒண்ணும் நல்லதில்ல, மக்கா."

"ஒங்களுக்குத் தெரியும், அதனால சொல்லுதிய. எனக்கு அதுகூடத் தெரியாதே."

எமரன்சியாவுக்குக் கோபம் வந்தது, ஊர்ப்பட்ட கோபம். எல்லாருக்கும் கொடுத்தாயிற்று, இருக்கிற ஒன்றையும் பிடுங்க வந்துவிட்டாயே என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கல்யாணம் நெருங்கிய பெண், போருக்குப் போகிறவள் போலவும் இல்லை, திருவிழாவுக்குப் போகிறவள் போலவும் இல்லை, பஸ்ஸுக்கு நிற்பவளாக நின்றாள். அதை எமரன்சியாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மாலையை வாங்கிக்கொண்டாள்.

அந்த மாலையைக் கோத்ததுபோல் அவள் வேறு எதையும் கோத்ததில்லை. பெரிய முத்து நெஞ்சுக்கு வர, சிறிய முத்துகள் பிடரிக்கு ஏற, முடிச்சு முடிச்சாக, ஒவ்வொரு முடிச்சுக்கும் அந்தக் குரலை ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டே கோத்தாள். பிறகு கழுத்தில் போட்டுக்கொண்டாள். முத்துக்கு உயிர் வந்தது. ரோஜா நிறம் ஓட, தொட்டால் ஈரம்போல, ஊரே கண்டிராத உயிர். டெல்பின் அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனாள், மாப்பிள்ளை வண்டி வரச் சற்றுத் தாமதமானதற்கு வாசலுக்கும் பீடத்துக்கும் நடையாக நடந்தாள், அவன் இறங்கியதும் எல்லாரும் பார்க்க விசும்பி அழுதாள். துறைமுகத்துப் பையன் ஆடிப்போனான்; தன்னை ஒருத்தி இப்படி எதிர்பார்த்தாளா என்று அவன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். புகுந்த வீட்டில் டெல்பின்மேல் ஒரே ஒரு குறைதான். அவன் டியூட்டி முடிந்து வருகிறவரைக்கும் கதவைத் தாழ் போட விடமாட்டாளாம்.

கல்யாணத்தன்று சாயங்காலம், பிரியாணி சாப்பிட்டு வந்து, புதுச்சேலையை மாற்றிவிட்டு, எமரன்சியா தன் வீட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். துருப்பிடித்த தாழ்ப்பாள் அது, கிறீச்சென்று கத்தியது. சந்தில் இருந்த அத்தனை பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். சிவகாமி அம்மாள் மட்டும் அதைக் கேள்விப்பட்டு, முதல்முறையாக, அந்த அதிகப்படி இலைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

அதற்கப்புறம் எமரன்சியா நன்றாகத்தான் இருந்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள், கொஞ்சம் சதை போட்டாள். ஊர்தான் அவளுக்காக ஏங்கிக்கொண்டிருந்தது. அலமாரியைச் சுத்தம் பண்ணும்போது ஒரு பவுடர் டின்னில் ஒரு கைப்பிடி முத்து கிடைத்தது; கோணலும் மாணலுமாக, ஒன்று மஞ்சள், ஒன்று ஈயநிறம், ஒன்றுக்கொன்று சேராத முத்து. யாராவது வாடிக்கைக்காரி விட்டுப்போயிருப்பாள் என்று மறுபடி மூடிவைத்தாள்.

பிறகு, மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்றுக் காலம் ஒன்றில், உச்சி வெயிலில், உப்பு லாரி ஒன்று சந்து முனையில் ஓர் ஆளை இறக்கிவிட்டுப் போனது. தாடி வெளுத்த, எலும்பும் தோலுமான மனுஷன். அவன் நடக்க ஆரம்பித்ததும், மூன்று தெரு தள்ளி மாடியில் இருந்த ஜெனோவா எழுந்துவிட்டாள். வலது கால் இழுபடுகிற சத்தம். பொய் நொண்டல் இல்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினாள். சிவகாமி அம்மாள் கையில் கரண்டியோடு ஓடினாள், ரஹ்மத் நாச்சியா முக்காட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினாள், டெல்பின் ஓடினாள், முத்துமாலை போட்ட அத்தனை பெண்களும் ஓடிவந்து, "வந்துட்டாரே, வந்துட்டாரே" என்று அவனைச் சூழ்ந்துகொண்டு அழுதார்கள். கஸ்பாருக்கு அவர்களில் முக்கால்வாசிப் பேரை யாரென்றே தெரியவில்லை. அவன் எங்கே இருந்தான் என்பதைப் பிற்பாடு சொன்னான், காற்றில் ஒதுங்கிய தீவு, பாஸ்போர்ட்டு, காகிதம் இல்லாததால் அடைத்துவைத்த சிறை என்று. ஆனால் அன்றைக்கு யாரும் அதைக் கேட்கவில்லை. ரஹ்மத் நாச்சியா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். "தோணியில சமையக்காரனும் காக்காயும், அதுல கடைசியில என்னதான் ஆச்சு?"

கஸ்பார் முழித்தான். "காக்கா அப்பளத்தைத் தூக்கிட்டுப் போயிரும்."

"இவ்வளவுதானா? பாவி மனுசா, இதுக்கா நான் உறங்காம கெடந்தேன்!" என்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தன் வீட்டு வாசலுக்கு வந்து, கதவைத் தள்ளினான். கதவு திறக்கவில்லை. கையை எடுத்துவிட்டு மறுபடி தள்ளினான். பிறகு தட்டினான்.

"யாரு?" உள்ளேயிருந்து கேட்டது.

"நான்தான்ளா."

"நான்தான்னா?"

தாழ்ப்பாள் கிறீச்சிட்டது, எமரன்சியா எட்டிப் பார்த்தாள். ஒரு மனுஷன், பின்னால் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும். "முத்து கோக்கணுமா? இரும், வாரேன். எதுக்கு எல்லாரும் அழுதுட்டு நிக்கிய?" என்றாள். கஸ்பார் திண்டாடிப்போய் ஜெனோவாவைப் பார்த்தான். ஜெனோவா தலையில் அடித்துக்கொண்டு, நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். எமரன்சியாவும் வாசற்படியில் உட்கார்ந்து, யாரோ ஒருத்தியின் கதையைக் கேட்பதுபோலக் கேட்டாள். "அப்ப நீருதான் அவரா? நல்லவேளை, வந்து சேந்தீரே" என்று மரியாதையாகச் சொன்னாள். அந்த மரியாதைதான் அவனைக் கொன்றது.

பெண்கள் மாலைகளைக் கழற்றி நீட்டினார்கள். "அது ஆகாது, போட்டுப் பாத்துட்டேன். ஒங்களுதெல்லாம் ஒங்களுதாயிட்டு" என்று எமரன்சியா மறுத்துவிட்டாள். பிறகு ஏதோ யோசனை வந்ததுபோல உள்ளே போய், பவுடர் டின்னை எடுத்துவந்து திறந்தாள். "இது யாருதுன்னு தெரியுமா ஒமக்கு?"

"நான் சங்கு குளிக்கப் போன காலத்துல எப்பவாவது சிப்பியில கெடச்சத ஒனக்குன்னு கொண்டாந்து தந்தது."

"ஒண்ணோட ஒண்ணு சேரலயே."

"அப்பவும் நீ இதத்தான் சொன்ன. அதனாலதான் கடைசி வரைக்கும் கோக்கவே இல்ல."

அவள் அந்த முத்துகளைச் சாம்பல் நிறத் துணியில் கொட்டி வெகுநேரம் பார்த்தாள். வடக்கு வெளிச்சத்தில் பார்த்தாலும் சேராதுதான். ஆனாலும் ஊசியை எடுத்தாள். மஞ்சளுக்குப் பக்கத்தில் ஈயநிறம், கோணலுக்குப் பக்கத்தில் மாணல், நடுவே நடுவே முடிச்சு. நூலின் நுனியைக் கடைவாய்ப் பல்லால் கடித்து அறுத்தாள். கஸ்பார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான், அவன் கண்ணிலிருந்து நீர் தாடிக்குள் இறங்கியது.

"கழுத்தை நீட்டும்" என்றாள் எமரன்சியா.

சந்தில் ஒரே சிரிப்பு. ஆம்பிளை கழுத்தை நீட்டுகிற அதிசயத்தைத் தூத்துக்குடி அன்றைக்குத்தான் கண்டது. ஜெனோவாதான் சிரிக்கவில்லை. அவனைத் தனியாக இழுத்து, "நல்லா யோசிச்சிரும். அவளுக்கு ஆன மாதிரி ஒமக்கும் ஆயிரும். நீரும் அவள மறந்துட்டா?" என்றாள்.

"ஏக்கந்தானம்மா போகும்? எதுக்கு ஏங்குனேனோ அது இந்தா உக்காந்திருக்கு. மறந்தா புதுசாப் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, வாசற்படியில் மண்டியிட்டு, கழுத்தை நீட்டினான்.

அவன் வள்ளம் கட்டுகிற கொட்டகையில் தங்கிக்கொண்டான். தினமும் காலையில் முத்துமாலையும் தாடியுமாக அவள் ஜன்னலுக்கு வருவான், அவள் அவன் கழுத்தருகே குனிந்து வெளிச்சத்தில் பார்த்து, "இன்னும் உயிர் வரல" என்பாள், அவன் போய்விடுவான். மீன் வெட்டுகிறவர்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அவனை "முத்து மாப்பிள்ளை" என்று கூப்பிட்டார்கள். முதலில் எல்லாம் ஜன்னலில் நின்று அவளிடம் ஓயாமல் பேசினான். போகப் போகப் பேச்சுக் குறைந்தது. அப்புறம் அவள் பெயரைச் சொல்ல வாயெடுத்துத் தடுமாறினான். ஊருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சிவகாமி அம்மாள் அதிகப்படி இலையை இரண்டாக்கினாள்.

ஒருநாள் காலையில் எமரன்சியா குனிந்து பார்த்தாள். அந்தக் கோணல் முத்துகளில், மஞ்சளில் ஒரு விதமாகவும் ஈயநிறத்தில் ஒரு விதமாகவும், வெளிச்சம் உள்ளேயிருந்து வந்தது. மாலையைக் கழற்றினாள். துடைக்கவில்லை. அவன் சூடு ஆறுவதற்குள் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு யாரையோ காணோம் என்று இருந்தது. யாரை என்று தேடினாள். ஒரு பெண்பிள்ளையை. நூலைக் கடைவாய்ப் பல்லால் கடிக்கிறவளை, குழம்பில் மறதியாக ரெண்டுதரம் உப்புப் போட்டுவிட்டு அதை ஒத்துக்கொள்ளாமல் சண்டைக்கு வருகிறவளை, குளித்த ஈரத்தோடு ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து முத்துப் பொறுக்குகிறவளை. சிறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒருவனுக்கு, அவள் பிடரியில் ஒட்டியிருக்கும் மயிரை ஒருதரம் ஒதுக்கிவிட்டால் போதும், செத்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. எமரன்சியா அந்தப் பெண்ணுக்காக ஏங்கி ஏங்கி அழுதாள். எங்கே போனாள் அவள், இப்படி ஒருத்தன் கிடந்து தவிக்கும்போது எங்கே போய்த் தொலைந்தாள் என்று அழுதாள். அழுதபடியே ஈரக்கண்ணைத் துடைத்துவிட்டு, பிடரியில் ஒட்டிய மயிரைக் கையால் ஒதுக்கியபோது, அந்த மயிர் தன்னுடையது என்று தெரிந்தது. தன்னை ஒருவன் இப்படித் தேடியிருக்கிறான் என்பது கஸ்பார் வீட்டில் இருந்த காலத்தில்கூட அவளுக்குத் தெரியாது. அவன் அதையெல்லாம் சொல்கிற ஆள் இல்லை. அந்த ஏக்கத்தின் கடைசியில் ஒரு கதவு இருந்தது. ஒருக்களித்த கதவு. அவன் அங்கே கிடந்த காலமெல்லாம், தான் தாழ் போடாதே என்று சொன்ன அந்தக் கதவைத்தான் கண்ணை மூடித் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறான்.

அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். கஸ்பார் வெயிலில் நின்றுகொண்டிருந்தான். கழுத்து வெறுமையாக இருந்தது, முகமும் கழுவி வைத்ததுபோல இருந்தது. ஜெனோவாவும் ரஹ்மத் நாச்சியாவும் சிவகாமி அம்மாளும் எதிர்ச்சுவர் ஓரமாகக் கைகோத்து நின்றார்கள்.

அவன் எமரன்சியாவைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தான். "மன்னிச்சிரும்மா. தெனமும் இங்க வரணும்னு காலு வந்துருது. என்னத்துக்கு வந்தேன்னுதான் மறந்து போச்சு."

"நான் சொல்லுதேன்" என்றாள் எமரன்சியா. அவன் கையைப் பிடித்தாள். "உள்ள வாரும். வந்து கதவைத் தாழ் போடும்."